ஈதரும் குளோரோஃபார்மும்: மயக்க மருந்தின் தொடக்க வரலாறு

அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நூலில் வில்லியம் மார்ட்டன் என்றும், இன்னொன்றில் கிராஃபர்ட் லாங் என்றும், வேறொன்றில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்றும் படித்ததாகவும், எதை நம்புவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். தேர்வுக்காகக் கேட்கிறீர்கள் என்றால் விடை சுருக்கமானது. ஈதர் கொடுத்து அறுவை செய்ததற்கு ஆவணச் சான்று உள்ளவர்களில் முதல்வர் லாங், ஆண்டு 1842. அதைப் பலர் முன்னிலையில் செய்துகாட்டி மருத்துவ உலகை ஏற்கவைத்தவர் மார்ட்டன், ஆண்டு 1846. குளோரோஃபார்மைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சிம்ப்சன், ஆண்டு 1847. மூன்று நூல்களும் தத்தம் அளவில் சரிதான்.

ஆனால் இந்தப் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திக்கொண்டால் முக்கியமான இரண்டு கேள்விகள் விடுபட்டுப் போகும். ஈதரை 1540 வாக்கிலேயே வலேரியஸ் கார்டஸ் என்ற ஜெர்மானியர் சாராயத்தோடு கந்தக அமிலத்தைச் சேர்த்து வடித்துவிட்டார். அதைத் தீனியில் கலந்து தின்ற கோழிகள் சிறிது நேரம் தூங்கிப் பிறகு எந்தக் கேடும் இல்லாமல் எழுந்ததை அதே காலத்து மருத்துவர் பாராசெல்சஸ் குறித்து வைத்திருக்கிறார். சிரிப்பு வாயு எனப்படும் நைட்ரஸ் ஆக்சைடை ஆங்கில வேதியியலாளர் ஜோசஃப் பிரீஸ்ட்லி 1772-ல் தயாரித்தார். பொருள்கள் கையில் இருந்தும் 1846 வரை காத்திருக்க நேர்ந்தது ஏன் என்பது முதல் கேள்வி. கிடைத்த பிறகு, உயிருக்கு ஆபத்தில்லாமல் எவ்வளவு கொடுப்பது என்பதை எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பது இரண்டாவது. என்னைக் கேட்டால், மயக்கவியல் என்ற துறையின் வரலாறு இந்த இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது. அது ஏனோ பொது நூல்களில் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை.

மயக்க மருந்து இல்லாத அறுவை எப்படி இருந்தது என்பதற்கு, கத்தியைப் பிடித்தவர்களைவிடக் கத்திக்குக் கீழே படுத்திருந்தவர்களின் சாட்சியமே நம்பத்தக்கது. ஆங்கில நாவலாசிரியர் ஃபிரான்சிஸ் பர்னிக்கு 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், அவர் குடியிருந்த வீட்டிலேயே, வலது மார்பகத்தை அகற்றினார்கள். அறுத்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே. வலிக்கென்று கொடுக்கப்பட்டது ஒயின் கலந்த ஒரு பானம் மட்டுமே. முகத்தின்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டார்கள். அது மிக மெல்லியதாக இருந்ததால், கட்டிலைச் சூழ்ந்து நின்ற ஏழு ஆண்களையும் தீட்டிய எஃகின் பளபளப்பையும் அதனூடே அவரால் காண முடிந்தது. அறுக்கும் நேரம் முழுவதும் தாம் கதறியதையும், கத்தி மார்பெலும்பைச் சுரண்டியதைத் தாம் உணர்ந்ததையும், பல மாதங்கள் கழித்துத் தம் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் அவர் விவரித்தார். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும் துணிவு தமக்கு இல்லை என்றும் அதிலேயே சொல்கிறார். அதன் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஆகவே லாரே தம் வேலையைத் திறம்படத்தான் செய்திருக்கிறார்.

வலியைத் தடுக்க வழியில்லாத அந்தக் காலத்தில் அறுவை மருத்துவருக்குப் பெருமை தேடித்தந்தது வேகம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் ராபர்ட் லிஸ்டன் தொடையோடு காலை எடுக்க அரை நிமிடம் போதும் என்று பேர் வாங்கியவர். (அவருடைய ஒரே அறுவையில் நோயாளி, உதவியாளர், வேடிக்கை பார்த்தவர் என மூன்று பேர் இறந்ததாக இணையத்தில் உலவும் கதைக்கு அக்காலத்துச் சான்று எதுவும் கிடையாது.) இப்படி வேகத்தை நம்பிய மருத்துவத்தால் கை கால்களை எடுக்கவும், தோலுக்கடியில் உள்ள கட்டிகளை நீக்கவும், சிறுநீர்ப்பைக் கல்லை எடுக்கவும் முடிந்தது, வயிற்றையும் நெஞ்சையும் திறந்து நிதானமாக வேலை பார்ப்பது பெரும்பாலும் நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்தது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் வெல்போ, அறுவையில் வலியைத் தவிர்ப்பது நம் காலத்தில் எட்டாத கனவு என்று 1839-ல் எழுதினார். எட்டே ஆண்டுகளில் அவரே ஈதரின் ஆதரவாளரானார். அன்றைய மருத்துவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்பதைவிட, கத்தி என்றால் வலி என்பதை அவர்கள் இயற்கை விதிபோல எடுத்துக்கொண்டார்கள் என்பதே பொருத்தம். மாற்ற முடியும் என்று தோன்றாத ஒன்றுக்கு யாரும் மருந்து தேட மாட்டார்கள்.

தேடியவர்கள் சிலர் இருந்தார்கள். அபினும் மதுவும் எல்லா நாட்டிலும் பயன்பட்டன. இந்தத் தேடலில் மிகப் பெரிய வெற்றி ஜப்பானில் கிடைத்தது. ஹனோகா செய்ஷூ என்ற மருத்துவர் ஊமத்தையையும் வச்சநாபியையும் முதன்மையாகக் கொண்ட ஒரு கஷாயத்தைப் பல ஆண்டுகள் சோதித்து உருவாக்கி, அதைக் கொடுத்து 1804 அக்டோபர் 13 அன்று 60 வயதுப் பெண்மணி ஒருவரின் மார்பகப் புற்றுக்கட்டியை அகற்றினார். மார்ட்டனுக்கு 42 ஆண்டுகள் முந்தியது இது. சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த அவருடைய மனைவி கண்பார்வையை இழந்தார். ஜப்பான் வெளியுலகத்துக்குக் கதவடைத்திருந்ததாலும், செய்முறையை வெளியே சொல்வதில்லை என்று மாணவர்களிடம் அவர் உறுதிமொழி வாங்கியதாலும் இது பரவவில்லை என்பது வழக்கமான விளக்கம். அது உண்மைதான். ஆனால் பரவியிருந்தாலும் இது நிலைத்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. கஷாயம் வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்கில் ஆகும். தெளியவும் மணிக்கணக்கில் ஆகும். குடித்த பிறகு அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால் திரும்ப எடுக்க வழி கிடையாது. மூச்சில் இழுக்கும் ஆவிக்கு இந்தத் தொல்லை இல்லை. அது நுரையீரல் வழியே உள்ளே போகிறது, அதே வழியில் வெளியே வருகிறது. முகத்திலிருந்து துணியை எடுத்துவிட்டால் ஒவ்வொரு மூச்சுக்கும் மருந்து குறைந்துகொண்டே வரும். 19ஆம் நூற்றாண்டின் வெற்றி முழுவதும் இந்த ஒரு வசதியின்மேல் எழுந்தது.

அந்த வழியின் வாசல் வரை வந்து திரும்பியவர் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. பிரிஸ்டல் நகரில் தாமஸ் பெடோஸ் என்ற மருத்துவர் வாயுக்களால் நோய்களைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு 1799-ல் தொடங்கிய நிலையத்தில், 20 வயது டேவி நைட்ரஸ் ஆக்சைடைத் தாமே இழுத்துச் சோதித்தார். கடைவாய்ப் பல் முளைத்து ஈறு வீங்கி வலித்த ஒரு நாளில், நான்கைந்து மூச்சு இழுத்ததும் வலி தணிவதைக் கவனித்தார். 1800-ல் வெளியிட்ட பெரிய நூலில், இந்த வாயு உடல் வலியை அழிக்க வல்லதாகத் தெரிவதால், இரத்தம் அதிகம் பெருகாத அறுவைகளில் இதைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வாக்கியம் எழுதினார். யாரும் பயன்படுத்தவில்லை, அவரும்கூட. அடுத்த ஆண்டே லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்குப் போய் மின் வேதியியலில் மூழ்கிவிட்டார். வாயுவோ வேடிக்கைக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. காசு கொடுத்து இழுத்துவிட்டு மேடையில் சிரித்துக் கூத்தாடுபவர்களைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

வேடிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். அடுத்த கட்டம் அங்கிருந்துதான் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் தொழில் செய்த இளம் மருத்துவர் கிராஃபர்ட் லாங், நண்பர்களோடு பொழுதுபோக்காக ஈதர் முகரும்போது, கீழே விழுந்து காயம்பட்டவர்களுக்குப் பட்டதே தெரியவில்லை என்பதைக் கண்டார். 1842 மார்ச் 30 அன்று, ஒரு துவாலையில் ஈதரை ஊற்றி முகரச் செய்து, ஜேம்ஸ் வெனபிள் என்பவரின் கழுத்திலிருந்த கட்டியை அகற்றினார். ஈதருக்கும் அறுவைக்குமாக 2 டாலர் என்று கணக்கேட்டில் எழுதிக்கொண்டார். அத்தோடு நிற்காமல், வலி தெரியாததற்குக் காரணம் ஈதரா அல்லது நோயாளியின் கற்பனையா என்றும் சோதித்தார். ஒரு கறுப்பினச் சிறுவனின் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தபோது, ஒன்றை ஈதர் கொடுத்தும் மற்றதைக் கொடுக்காமலும் எடுத்தார். ஒன்றில் சிறுவன் உணர்வே இல்லாமல் கிடந்தான், மற்றதில் துடித்தான். அறிவியலாகப் பார்த்தால் ஒப்பீடு கச்சிதமானது. அந்தச் சிறுவனின் இடத்தில் ஒரு வெள்ளை நிலக்கிழாரின் மகன் இருந்திருந்தால் இந்த ஒப்பீடு நடந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். லாங் இதையெல்லாம் 1849 வரை அச்சில் வெளியிடவில்லை. அதற்குள் உலகம் வேறு வழியாக ஈதரைக் கண்டுகொண்டிருந்தது.

அந்த வழி ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவரில் தொடங்குகிறது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்டில் 1844 டிசம்பர் 10 அன்று கார்ட்னர் கோல்ட்டன் நடத்திய சிரிப்பு வாயு நிகழ்ச்சியில், வாயுவை இழுத்த ஒருவர் காலைப் பலமாக இடித்துக்கொண்டு இரத்தம் வழிந்தும் அதை உணராமல் உட்கார்ந்திருப்பதை வெல்ஸ் பார்த்தார். மறுநாளே தாம் வாயுவை இழுத்து, தம் பல்லைச் சக மருத்துவர் ஒருவரைப் பிடுங்கச் சொன்னார், வலிக்கவில்லை. 1845 ஜனவரியில் பாஸ்டனில் மாணவர்கள் முன்னிலையில் செய்து காட்டப்போனபோது, பல்லைப் பிடுங்கியதும் நோயாளி கத்திவிட்டார். கூட்டம் ஏமாற்று வேலை என்று கூவியது. நோயாளி பிறகு தமக்கு அவ்வளவாக வலிக்கவில்லை என்று சொன்னது எடுபடவில்லை.

இந்தத் தோல்விக்கு வெல்ஸின் பதற்றமே காரணம் என்பதுபோல எழுதுகிறார்கள். வாயுப் பையைச் சற்று முன்னதாகவே எடுத்துவிட்டதாக அவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் மருந்திலேயே சிக்கல் இருந்தது. நைட்ரஸ் ஆக்சைடு வலியை நன்றாகத் தணிக்கும், ஆனால் மயக்குவதற்கு வலுக் குறைந்தது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், இழுக்கும் காற்று முழுவதும் அந்த வாயுவாகவே இருந்தாலும் எல்லாரையும் அசையாமல் கிடத்திவிட முடியாது. அப்படிக் கொடுத்தால் ஆக்சிஜன் இல்லாமல் நோயாளி நீலம் பாய்வார். ஈதரோ, நுரையீரலில் ஏறத்தாழ 2 விழுக்காடு நிலைத்தாலே கத்தி படும்போது பாதிப்பேர் அசைய மாட்டார்கள். வெல்ஸ் எடுத்தது குறுகிய நேரப் பல் வேலைக்கு ஏற்ற மருந்து. பெரிய அறுவைக்கு வலுவான ஆவி வேண்டியிருந்தது.

வெல்ஸோடு முன்பு கூட்டாகத் தொழில் செய்த மார்ட்டன் அந்த ஆவியை எடுத்தார். பாஸ்டன் வேதியியலாளர் சார்லஸ் ஜாக்சனிடம் ஆலோசனை பெற்று, தூய்மையான ஈதரை வாங்கி, 1846 செப்டம்பர் 30 அன்று ஒருவரின் பல்லை வலியின்றிப் பிடுங்கினார். அக்டோபர் 16 அன்று மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவைக் கூடத்தில், 68 வயது மூத்த மருத்துவர் ஜான் காலின்ஸ் வாரன், கில்பர்ட் அபட் என்ற இளைஞரின் தாடைக்குக் கீழிருந்த கட்டியை அறுக்கத் தயாராக நின்றார். மார்ட்டன் வரவில்லை. கருவி செய்பவரிடம் கடைசி நேரத் திருத்தத்துக்காக அவர் காத்துக்கொண்டிருந்தார். வாரன் கத்தியை எடுக்கப்போகும் வேளையில்தான் வந்து சேர்ந்தார். கொண்டுவந்தது ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே ஈதரில் நனைத்த பஞ்சு, வாயில் வைத்து இழுக்க ஒரு குழாய். சில நிமிடங்களில் அபட் மயங்கினார். அறுவை முடிந்ததும், கழுத்தைச் சுரண்டியதுபோல இருந்தது, வலியில்லை என்றார். கூடத்தைப் பார்த்து வாரன், இது ஏமாற்று வேலை இல்லை என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வெல்ஸ்மேல் வீசப்பட்ட அதே சொல்லை எடுத்து அவர் மறுத்தார்.

அதன் பிறகு நடந்தது அழகானதாக இல்லை. மார்ட்டன் ஈதருக்கு நிறமும் மணமும் சேர்த்து, லீதியான் என்று பெயரிட்டு, ஜாக்சனோடு சேர்ந்து நவம்பர் 12 அன்று காப்புரிமை பெற்றார். அதற்குச் சில நாள் முன்பு ஆலிஸ் மோகன் என்ற இளம்பெண்ணின் காலை எடுக்க வேண்டியிருந்தபோது, என்ன மருந்து என்று சொல்லாவிட்டால் பயன்படுத்த மாட்டோம் என்று மருத்துவர்கள் உறுதியாக நின்றார்கள். மார்ட்டன் வாயைத் திறந்தார். நவம்பர் 7 அன்று அறுவை நடந்தது. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஈதர்தான் என்று தெரிந்த பிறகு காப்புரிமையை யாரும் பொருட்படுத்தவில்லை. மார்ட்டன், ஜாக்சன், வெல்ஸ் மூவரும் உரிமை கோரி ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். குளோரோஃபார்முக்கு அடிமையாகியிருந்த வெல்ஸ் 1848 ஜனவரியில் நியூயார்க் சிறையில் தம் தொடை இரத்தக்குழாயை அறுத்துக்கொண்டு இறந்தார். மார்ட்டன் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் கேட்ட 1,00,000 டாலர் கடைசி வரை வரவில்லை. இந்தச் சண்டையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம்; ஆனால் நோயாளிக்கு எத்தனை சொட்டு ஊற்றுவது என்பதில் அச்சண்டை ஒரு படிகூட உதவவில்லை.

கப்பலேறிய செய்தி டிசம்பரில் இங்கிலாந்தை அடைந்தது. 1846 டிசம்பர் 21 அன்று லிஸ்டனே ஃபிரெடெரிக் சர்ச்சில் என்பவரின் காலை ஈதர் கொடுத்து எடுத்தார். எப்போது தொடங்கப்போகிறீர்கள், எனக்கு வேண்டாம், கொண்டுபோய்விடுங்கள் என்று விழித்தெழுந்த நோயாளி கேட்டபோது கால் ஏற்கெனவே போயிருந்தது. அமெரிக்கர்களின் இந்த உத்தி மெஸ்மெரிசத்தை மண்கவ்வ வைத்துவிட்டது என்று லிஸ்டன் சொன்னதாகக் கூறுவர். மெஸ்மெரிசத்தை அவர் இழுத்தது தற்செயலாக இல்லை. கைகளை உடலின்மேல் அசைத்து வசிய உறக்கத்தில் ஆழ்த்தும் அம்முறைக்கு அப்போது செல்வாக்கு இருந்தது. அதன் மிகப் பெரிய களம் வங்காளம். ஹூக்ளியில் பணியாற்றிய ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1845 முதல் இம்முறையில் பெருங்கட்டிகளை அகற்றினார். அரசு ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்து, கல்கத்தாவில் தனி மருத்துவமனையே ஒதுக்கியது. ஒரு நோயாளியை உறங்கவைக்க உள்ளூர் உதவியாளர்கள் மணிக்கணக்கில் கையசைக்க வேண்டியிருந்தது. எல்லாருக்கும் பலிக்கவும் இல்லை. ஈதரும் குளோரோஃபார்மும் வந்ததும் அதன் காலம் முடிந்தது.

எடின்பரோவில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த சிம்ப்சனுக்கு ஈதரின் நெடி பிடிக்கவில்லை. மூச்சுத் தொண்டையை உறுத்தியது, மயங்கவும் நேரமெடுத்தது. பல ஆவிகளை வீட்டிலேயே நண்பர்களோடு முகர்ந்து பார்த்து, 1847 நவம்பர் 4 இரவு குளோரோஃபார்மில் வந்து நின்றார். சற்று நேரத்தில் அவரும் நண்பர்கள் இருவரும் மேசைக்கடியில் கிடந்தார்கள். சில நாளிலேயே பிரசவத்துக்குப் பயன்படுத்தி, இரண்டு வாரத்துக்குள் அச்சிலும் வெளியிட்டார். இனிய மணம், சிறிய அளவே போதும், தீப்பற்றாது, கைக்குட்டை ஒன்று இருந்தால் கருவி வேண்டாம் என்று எல்லாமே அதற்குச் சாதகமாக இருந்தன. வெப்ப நாடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈதர் 35 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். நம் ஊர்க் கோடையில் குப்பியைத் திறந்தாலே பாதி பறந்துவிடும். இந்திய மருத்துவமனைகள் நெடுங்காலம் குளோரோஃபார்மையே நம்பியதற்கு இது ஒரு காரணம். பிரசவ வலியைப் போக்குவது வேதத்துக்கு விரோதம் என்று மதகுருமார்கள் பெரும்போர் தொடுத்தார்கள் என்ற கதை மிகைப்படுத்தப்பட்டது; எதிர்ப்பு திரளும் முன்பே சிம்ப்சன் மறுப்பு நூலை எழுதிவிட்டார் என்பதே பெரும்பாலும் நடந்தது.

உண்மையான அடி வேறு திசையிலிருந்து வந்தது. 1848 ஜனவரி 28 அன்று, நியூகாசில் அருகே வின்லேட்டனில், ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணின் கால்விரல் நகத்தை எடுக்க வேண்டியிருந்தது. முன்பு இன்னொரு நகத்துக்கு ஈதர் கொடுத்து நல்லபடியாக முடிந்திருந்தும், இம்முறை அவள் அஞ்சி அழுதுகொண்டிருந்தாள். துணியில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி குளோரோஃபார்மை ஊற்றி மூக்கருகே பிடித்தார்கள். கத்தி பட்டதும் துள்ளினாள், முகம் வெளுத்தது, தண்ணீர் தெளித்து, பிராந்தியை வாயில் ஊற்றிப் பார்த்தும், தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் இறந்துவிட்டாள். பிராந்தி மூச்சை அடைத்ததே காரணம் என்றார் சிம்ப்சன். இதயம் நின்றுவிட்டது என்றார் லண்டனில் ஒருவர்.

அந்த ஒருவர் ஜான் ஸ்னோ. யார்க் நகரின் கூலித் தொழிலாளி ஒருவரின் மகன். காலரா தண்ணீரால் பரவுகிறது என்று நிறுவியவராகவே பலருக்குத் தெரியும். மயக்க மருந்து கொடுப்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டு அதை அளந்து செய்யும் அறிவியலாக மாற்றியவரும் அவரே. ஈதர் லண்டனுக்கு வந்த முதல் சில வாரங்களில், சிலர் உடனே மயங்கினார்கள், சிலர் முரண்டு பிடித்தார்கள், சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்றவர்கள் நோயாளியின் உடல்வாகைக் காரணம் காட்டினார்கள். ஸ்னோ வெப்பமானியை எடுத்தார். காற்று எவ்வளவு ஈதர் ஆவியை ஏந்தும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது; 10 டிகிரியில் ஏறத்தாழ 40 விழுக்காடு, 20 டிகிரியில் 55-ஐயும் தாண்டும். போதாக்குறைக்கு, ஆவியாகும்போது ஈதர் தன்னையே குளிர்வித்துக்கொள்ளும். கண்ணாடிக் குடுவைக்குள் பஞ்சு சில்லிட்டுப்போக, நோயாளி அறுவையின் நடுவில் கிட்டத்தட்ட வெறுங்காற்றை இழுத்துக்கொண்டிருப்பார். குளிர்ந்த ஜனவரி அறையில் தோற்ற கருவி வெதுவெதுப்பான அறையில் வென்றதன் மர்மம் அதுதான். 1847 ஜனவரியிலேயே வெப்பநிலைக்கும் ஆவி அளவுக்குமான அட்டவணையை வெளியிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் சுருள் உலோக அறை வைத்த கருவியையும் செய்தார். உலோகத்தைத் தேர்ந்தது வெப்பத்தைக் கடத்துவதற்காக.

கொடுக்கும் அளவை அறிந்தால் மட்டும் போதாது, வாங்கியவரின் நிலையையும் அறிய வேண்டும். பாகு காய்ச்சுபவர் கம்பிப் பதம், உருண்டைப் பதம் என்று அடையாளம் வைத்திருப்பதுபோல, ஸ்னோ அதே ஆண்டில் ஈதர் மயக்கத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார். முதல் படியில் நினைவு இருக்கும், உணர்வு மாறும். இரண்டில் மனம் குழம்பும். மூன்றில் தன்விருப்ப அசைவு நிற்கும். நான்கில் சுவாசத்தைத் தவிர வேறு அசைவு இராது. ஐந்தில் சுவாசமே தடுமாறும். ஐந்தாம் படியை அவர் விலங்குகளில் மட்டுமே பார்த்தார், மனிதர்களில் பார்க்க விரும்பவில்லை. குளோரோஃபார்முக்கும் இதே கணக்கைப் போட்டு, காற்றில் 4 முதல் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் கொடுக்க வேண்டும் என்றும், கைக்குட்டையில் கண்ணளவாக ஊற்றும்போது அது இரட்டிப்பாகிவிடக்கூடும் என்றும் காட்டினார். ஏறத்தாழ 50 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, செறிந்த ஆவி இதயத்தைத் திடீரென நிறுத்துவதே பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்.

1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா அரசியின் எட்டாவது பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவர்தான்: 53 நிமிடங்கள், வலி வரும்போதெல்லாம் கைக்குட்டையில் சில சொட்டுகள், நினைவு தப்பாத அளவில். கைக்குட்டையின் ஆபத்தை எழுதியவரே அரசிக்குக் கைக்குட்டையைப் பயன்படுத்தினார் என்பது முரணாகத் தோன்றலாம். சொட்டின் எண்ணிக்கையை அறிந்தவர் கையில் கைக்குட்டையும் ஓர் அளவுக் கருவிதான். ஐந்தாண்டில், 45 வயதில் ஸ்னோ இறந்தார். குளோரோஃபார்ம் பற்றிய அவருடைய பெருநூல் அவர் மறைவுக்குப் பிறகே வெளிவந்தது. அவருடைய எண்களைப் பலர் மறந்துவிட்டார்கள்.

மறந்ததன் விளைவாக அடுத்த அரை நூற்றாண்டு ஒரு வழக்காகவே நீண்டது. எடின்பரோ வழிவந்தவர்கள், மூச்சைப் பாருங்கள், நாடியைப் பார்க்க வேண்டாம் என்றார்கள். லண்டன் மரபினர் நாடியிலிருந்து விரலை எடுக்காதீர்கள் என்றார்கள். இந்த வழக்கைத் தீர்க்க இறங்கிய இடம் ஐதராபாத் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அங்கே பிரிட்டிஷ் அரசுப் பிரதிநிதியின் அலுவலகமான ரெசிடென்சியின் மருத்துவராகவும் மருத்துவப் பள்ளியின் தலைவராகவும் இருந்த எட்வர்ட் லாரி, எடின்பரோவில் பயின்றவர். 1888-ல் நிஜாம் மகபூப் அலி கான் பொருளுதவியோடு, குளோரோஃபார்மை ஆராய அமைந்த முதல் ஆணையம் நாய்களில் சோதித்து, இதயத்துக்கு முன்பு மூச்சே நிற்கிறது என்றது. லண்டனின் லான்செட் மருத்துவ இதழ் ஐயப்பட்டபோது, அவ்விதழே ஒருவரைத் தேர்ந்து அனுப்ப நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்தார். இதயமே நிற்கக்கூடும் என்று அதுவரை கருதிவந்த லண்டன் மருத்துவர் லாடர் பிரண்டன் 1889-ல் வந்தார். நாய், குரங்கு, ஆடு, குதிரை என நானூறுக்கு மேற்பட்ட விலங்குகளில் சோதித்துவிட்டு லாரியின் பக்கம் சாய்ந்தார். ஆபத்து மூச்சடைப்பிலும் மிகை அளவிலும்தான், நேரடியாக இதயத்தில் அறவே இல்லை என்று லண்டனுக்குத் தந்தி போனது. அதே 1889-ல் லாரியின் பள்ளியில் தேர்ச்சிபெற்ற ரூபா பாய் ஃபர்துன்ஜியை உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர்களில் ஒருவராகக் குறிப்பிடுவர். இந்த வரலாற்றில் ஆணையத்தைவிட நீடித்து நிற்கத்தக்க பெயர் அவருடையது என்பது என் எண்ணம்.

ஐதராபாத் சோதனைகள் பொய்யில்லை. மிகை அளவு கொடுத்தால் மூச்சுதான் முதலில் நிற்கும். ஆனால் ஹன்னா கிரீனருக்கு மிகை அளவு சேரும் நேரமே வாய்க்கவில்லை. அந்த முடிச்சை லண்டனில் குட்மன் லெவி 1911-ல் அவிழ்த்தார். குளோரோஃபார்ம் மயக்கம் மேலோட்டமாக இருக்கும் பூனைக்குச் சிறிதளவு அட்ரினலின் செலுத்தினால், இதயக் கீழறைகள் சுருங்கி விரிவதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கி, பூனை உடனே இறந்தது. மயக்கம் ஆழமாக இருந்தால் அப்படி ஆகவில்லை. அஞ்சி அழும் நோயாளியின் உடலில் அட்ரினலின் தானாகவே பெருகியிருக்கும். பயந்து பயந்து கொஞ்சமாகக் கொடுத்துப் பாதி மயக்கத்தில் கத்தியை வைப்பதே பாதுகாப்பு என்று அதுவரை நம்பியவர்கள், ஆபத்து மிகுந்த அந்த இடத்திலேயே நோயாளியை நிறுத்தி வைத்திருந்தார்கள். குளோரோஃபார்ம் மெல்லப் பின்வாங்கியது. 1956-ல் ஹாலோதேன் என்ற புதிய மயக்க ஆவி பழக்கத்துக்கு வந்தபோது அதற்கும் இதே குணம், சற்று மிதமான அளவில், இருப்பது தெரிந்தது. அதனால்தான் ஹாலோதேன் கொடுத்திருக்கையில் இரத்தக் கசிவைக் குறைக்க அறுவை மருத்துவர் அட்ரினலின் ஊசி கேட்டால், எத்தனை மில்லி போடுகிறீர்கள் என்று மயக்க மருத்துவர் முதலில் கேட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது.